கமாண்டருக்குக் கார்டியன்

பம்மலில் நைட்டிக் கடை வைத்திருந்த ஜெயக்கொடியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. வாங்கும்போதும் சரி, விற்கும்போதும் சரி, கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும். வண்ணாரப்பேட்டை மொத்த வியாபாரிகள் அவள் படியேறுவதைப் பார்த்தால், கல்லாவில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், அதே காசில் மற்ற பற்களையும் சுத்தம் செய்துகொண்டு வந்தவள் அவள். சாமியைக்கூட விட்டதில்லை. கணவனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். கிடைத்ததும், சம்பளம் சொன்னதைவிடக் குறைவு என்று காரணம் காட்டி, நுனிமுடி மட்டும் கத்தரித்துப் பூமுடியோடு முடித்துக்கொண்டாள்.

கணவன் பெயர் அன்பு. ஜெனரேட்டர் மெக்கானிக். உள்நாட்டுச் சண்டை ஓயாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில், தங்கச் சுரங்கம் ஒன்றில் வேலை. ஒருநாள் காட்டிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் சுரங்கத்தின் பெரிய ஜெனரேட்டரை லாரியில் ஏற்றினார்கள். அது வழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று யோசித்து, பக்கத்தில் நின்ற அன்புவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கம்பெனியிலிருந்து தகவல் வந்த அன்று ஜெயக்கொடி அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஜெயவேலு என்ற அதிகாரி அவளை உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். கிளர்ச்சிக்காரர்களோடு அந்த நாட்டு அரசாங்கம் பேசாது. நம் அரசாங்கமும் பேசாது. பேசினால் அவர்களை ஓர் அரசாங்கமாக ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார்.

“பேரமே பேசாம எப்பிடி சார் ஒண்ண வாங்கினு வர முடியும்?” என்று கேட்டாள் ஜெயக்கொடி.

“அம்மா, உங்க வீட்டுக்காரருக்காக இன்னைக்கு ஒண்ணு கொடுத்தா, நாளைக்கு இன்னும் பத்து பேரைத் தூக்குவாங்க. அந்தப் பத்து பேருக்கும் வீடு இருக்கு.”

தெருவில் ஒருத்திக்கு விலையைக் குறைத்தால், சாயங்காலத்துக்குள் தெருவே கடைக்கு வந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? அதிகாரி சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அடுத்த வாரம், வாடிக்கையாளர் ஒருத்திக்குப் பூப்போட்ட நைட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஜெயக்கொடி அக்காவா? வணக்கம்க்கா. உங்க வூட்டுக்காரர் எங்கிட்டதான் கீறாரு. பேஜார் ஆவாதீங்க, நல்லா சாப்டுறாரு.”

அனகாபுத்தூர்ப் பக்கம் எவனோ குடித்துவிட்டு விளையாடுகிறான் என்று நினைத்தாள். எங்கிருந்து பேசுகிறாய் என்று அதட்டினாள்.

“காட்லேர்ந்து பேசுறேன்க்கா. நான்தான் கமாண்டர்.”

அவன் நிஜமாகவே கமாண்டர்தான். சொந்தப் பெயர் டேவிட். அந்த நாட்டுக்காரன்தான், ஆனால் தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவன். விடுதிச் சமையல்காரர் அவனைத் தாவீது என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. தமிழை அந்தச் சமையல்கட்டிலும் ஷேர் ஆட்டோக்களிலும் கற்றுக்கொண்டான். அன்புவை ஜெயக்கொடியிடம் போனில் ஒரு வார்த்தை பேசவும் விட்டான். அன்பு, “நான் நல்லாத்தான் இருக்கேன், பயப்படாத,” என்று மட்டும் சொன்னான். அவன் குரலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தாவீது தன் கோரிக்கையைச் சொன்னான். பணம் வேண்டாம், ஆயுதம் வேண்டாம். அவனுடைய டிகிரி சர்ட்டிபிகேட் வேண்டும்.

காட்டுக்குள் அவர்கள் ஓர் அரசாங்கம் அமைக்கிறார்களாம். மின்சாரத்துறைக்கு மந்திரியாக வருகிறவர் அந்தப் படிப்பு படித்தவராக இருக்க வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். தாவீது எல்லாப் பாடத்திலும் தேறியவன்தான். ஆனால் கடைசி வருடம் விடுதிச் சாம்பாரில் பருப்பே இல்லை என்று ஸ்டிரைக் நடத்தினான். அந்தக் கலாட்டாவில் சாம்பார் அண்டா கவிழ்ந்தது. கார்டியன் வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் சர்ட்டிபிகேட் என்று கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டது. அவன் மறுத்து, வெறுங்கையோடு ஊருக்குப் போய், கொஞ்ச காலத்தில் துப்பாக்கி தூக்கிவிட்டான்.

“அவங்க என் சர்ட்டிபிகேட்ட விடட்டும். நான் அண்ணன விட்டுட்றேன்,” என்றான்.

ஜெயக்கொடி மறுபடி ஜெயவேலுவிடம் ஓடினாள். அவர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். அரசாங்கம் கல்லூரியிடம் கேட்டால் அது பேச்சுவார்த்தையாகிவிடும் என்றார். ஒரு தனிப்பட்ட பெண்மணி ஒரு கல்லூரிக்குப் போவது அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்றும் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரி முதல்வர் டாக்டர் சுவிசேஷமுத்து கண்டிப்பானவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் நடுங்கவில்லை, கோபப்பட்டார். “கிளர்ச்சிக்காரங்களோட நெகோஷியேட் பண்றது காலேஜ் பாலிசியிலயே கிடையாதும்மா. இவனுக்குக் குடுத்தா, நாளைக்கு அட்டெண்டன்ஸ் இல்லாதவன் எல்லாம் யாரையாவது கடத்திட்டு வந்து நிப்பான்,” என்றார்.

அரசாங்கத்தில் கேட்ட அதே பேச்சு. ஆனால் இந்த ஆளிடம் ஒரு விதி இருந்தது. கார்டியன், மன்னிப்பு. விதி இருக்கிற இடத்தில் பேரம் உண்டு என்பது ஜெயக்கொடியின் அனுபவம். யார் கார்டியனாக வரலாம் என்று கேட்டாள். மாணவனுக்காகப் பொறுப்பேற்கிற உள்ளூர்ப் பெரியவர் யாராக இருந்தாலும் சரி என்றார் முதல்வர்.

“அப்ப நானே வரேன் சார்.”

தன் புருஷனைக் கடத்தியவனுக்குத் தானே கார்டியன் என்று அவள் சொன்னதை முதல்வர் சிறிது யோசித்தார். விதிப்படி அதில் தவறு இல்லை. வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்புக்கு வரச் சொன்னார்.

இனி மன்னிப்புதான் பாக்கி. அங்கே தாவீது முரண்டு பிடித்தான். பருப்பு இல்லாததை இல்லை என்று சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? இதற்காகத்தான் அன்றைக்கே சர்ட்டிபிகேட்டை வேண்டாம் என்றேன். இத்தனை சண்டைக்கும் பிறகு சாம்பாரில் தோற்பதா என்றான். ஜெயக்கொடி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நைட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்து வாதாடினாள்.

“ஸ்டிரைக்குக்கு நீ மன்னிப்பு கேக்க வேணாம்பா. அண்டா கவுந்துச்சே, அதுக்கு மட்டும் கேளு.”

“அத நான் கவுக்கலக்கா. கூட்டத்துல அதுவா கவுந்துச்சு.”

“அதுவா கவுந்ததுக்கு வருத்தம் தெரிவிச்சுக்க. மன்னிப்புன்ற வார்த்தையே வேணாம்.”

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தடவை இழுத்து, விக்கி, மறுபடி சீரானது. அது அன்புவின் கை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிற சத்தம் போனில் போகாமல் பார்த்துக்கொண்டாள். பேரத்தில் அது கேட்டுவிட்டால் கதை முடிந்தது. கடைசியில் தாவீது, சரி, வருத்தம் என்று போடுங்கள் என்றான்.

வியாழக்கிழமை அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் செல்போன் வைத்திருந்ததற்கும் தாடி வைத்திருந்ததற்கும் திட்டு வாங்க வந்த பெற்றோர் வரிசையில் அவளும் உட்கார்ந்தாள். முறை வந்ததும் முதல்வர் எல்லோருக்கும் சொல்கிற புத்திமதியை அவளுக்கும் சொன்னார்.

“இந்தப் பையனை இப்படியே விட்டா கடைசியில எங்க போய் நிப்பான்னு யோசிச்சீங்களா?”

“காட்ல நிக்கிறான் சார்.”

“அதைத்தான் சொல்றேன்,” என்றார் முதல்வர். அவள் கொண்டுவந்த கடிதத்தில் வருத்தம் என்ற சொல்லை மன்னிப்பாக மாற்றச் சொல்லி அவர் ஒருமுறை முயன்றார். ஜெயக்கொடி இடம் கொடுக்கவில்லை. பின்னால் பெற்றோர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் கையெழுத்துப் போட்டுச் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டார்.

சுரங்கக் கம்பெனி ஆள் ஒருவர் மூலம் சர்ட்டிபிகேட் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்பு வெளியே வந்தான். எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லாமலே அவர் விடுவிக்கப்பட்டார் என்று இரண்டு நாட்டு அரசாங்கங்களும் அறிக்கை விட்டன. மாணவர் நலனில் எப்போதும் அக்கறை உண்டு என்று கல்லூரி முதல்வர் யாரோ கேட்டதற்குச் சொன்னாராம்.

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய அன்பு கொஞ்சம் சதை போட்டிருந்தான். மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள், தாவீது நல்ல பையன் என்றெல்லாம் வழி நெடுக ஆட்டோவில் சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டில் முழுக்கைச் சட்டையைக் கழற்றியபோது, இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்தாள். அவன் சட்டென்று கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். அவளும் கேட்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் ஜெயவேலுவிடமிருந்து போன் வந்தது. அதே காட்டில், அதே சுரங்கத்திலிருந்து, கிரேன் ஓட்டுகிற நம் ஊர்க்காரர் ஒருவரைத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவன் தாவீதின் விடுதி அறைத் தோழன். அந்த ஸ்டிரைக்கில் அவனும் இருந்தான். அவன் சர்ட்டிபிகேட்டும் அங்கேயே கிடக்கிறது. தாவீதுக்கு மந்திரி பதவி கிடைத்ததைப் பார்த்து அவனுக்கும் நீர்ப்பாசனத்துறை மேல் ஆசை வந்துவிட்டதாம். தாவீது தடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை.

“அன்னைக்கே சொன்னேம்மா,” என்றார் ஜெயவேலு. குத்திக் காட்டுகிற குரலாக இல்லை. களைத்த குரலாக இருந்தது.

“சொன்னீங்க சார். நீங்க சொன்னதுதான் சரி,” என்றாள் ஜெயக்கொடி.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் புருஷன் வெளியே வந்த வழியாகத்தான் இன்னொருத்தி புருஷன் உள்ளே போயிருக்கிறான். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு நேராகவில்லை. வாங்க வந்த ஒருத்தி நைட்டியின் விலையைக் கேட்டதற்கு, கொடுக்கிறதைக் கொடு என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை பொழிச்சலூரிலிருந்து சுஜி என்ற பெண் கடையைத் தேடிக்கொண்டு வந்தாள். கிரேன்காரரின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அரசாங்கம் பேசாது என்கிறார்கள், பேசினால் இன்னும் பத்து பேரைத் தூக்குவார்கள் என்கிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அக்கா என்று கேட்டாள்.

“தூக்குவாங்கதான்,” என்றாள் ஜெயக்கொடி. “வா, போலாம்.”

ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் போய், அங்கிருந்து பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல்வர் மாடி ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சார் ஊரில் இல்லை என்று அட்டெண்டர் வந்து சொன்னார். ஜெயக்கொடி சுஜியை நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டு, வரட்டும், காத்திருக்கிறோம் என்றாள்.