தூதர் வந்த மத்தியானம்

அது அறுபதுகளின் தொடக்கம். சிவகாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான திருத்தங்கலுக்கு ஒரு தூதர் வரப்போகிறார் என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அவருக்குச் சிறகு இருக்குமா என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. எங்கள் வீட்டில் தூதர் என்ற சொல் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் புழங்கும். முந்தின கிறிஸ்துமஸ் நாடகத்தில் நானே அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு மேய்ப்பர்களுக்கு நற்செய்தி சொன்னவள்தான்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினார். சிரிக்க வேண்டிய இடங்களில் விளக்கம் சொல்வது அவர் வழக்கம். தூதர் என்பவர் டெல்லியில் வேறொரு நாட்டின் சார்பாக இருப்பவர், அவர் தென்னாட்டுக்கு நல்லெண்ணப் பயணம் வருகிறார், வெடியும் தீப்பெட்டியும் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லி முடித்தார்.

"நல்லெண்ணப் பயணம்னா என்னங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அவுக நாட்டுக்கு நம்ம மேல நல்லெண்ணம் இருக்குன்னு காட்டுறதுக்கு வாராக."

"வராட்டித் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்லெண்ணத்தை முகத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பது அவள் கட்சி.

பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள். செய்தி கேட்டு அவள் ரொம்பவும் கவலைப்பட்டாள். "ராமாயணத்துலயும் ஒருத்தன் தூது போனான் நர்சம்மா. போன ஊரைக் கொளுத்திட்டுல்ல திரும்புனான். நம்ம ஊரு இருக்குற இருப்புக்கு, வாரவரைக் கொஞ்சம் பாத்து நடந்துக்கிடச் சொல்லுங்க" என்றாள். கட்டடத்துக்குக் கட்டடம் வெடிமருந்து அடைந்து கிடந்த ஊர் அது. அவள் கவலையிலும் நியாயம் இருந்தது.

எந்த நாட்டுத் தூதர் என்று இப்போது சொல்ல வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு குளிர் நாடு. அப்பா தேசப்படத்தில் காட்டியபோது என் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அந்த நகமளவு நாடு எங்கள் வீட்டில் இரண்டு பேரைப் படாத பாடு படுத்தியது. ஒருவர் மாமா. இன்னொருத்தி நான்.

அம்மாவின் தம்பியான மாமா சிவகாசியில் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். வாண வெடிக்குக் கலர் கலப்பது அவர் பொறுப்பு. தூதர் வருகிற அன்று பள்ளி மைதானத்தில் சாயந்தரம் வரவேற்பு, இருட்டியதும் வாண வேடிக்கை என்று ஏற்பாடாகியிருந்தது. அவர் நாட்டுக் கொடியின் மூன்று கலரையும் வானத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்று மாமாவின் முதலாளி ஆசைப்பட்டார். மாமா நேரே அப்பாவிடம் வந்தார்.

"மச்சான், அவுக கொடி என்ன கலரு?"

அப்பா பள்ளி நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. சாம்பல், வெள்ளை, இன்னும் கொஞ்சம் அழுத்தமான சாம்பல். மாமா அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாசில்தார் ஆபீசில் விசாரித்ததில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தெரிந்தது. நீலம் என்றதும் மாமா முகம் வாடிவிட்டது. சிவப்பும் பச்சையும் கூப்பிட்டால் வந்துவிடும், நீலம் மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி ஆயிரம் முறுக்கு முறுக்கிக்கொள்ளும் என்பார். அந்த நீலத்துக்காக மாமா சாப்பாட்டை மறந்தார். சாயந்தரம்தோறும் ஊருக்கு வெளியே பாறைக் கரட்டுப் பக்கம் போய் ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பார். பச்சையும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஏதோ ஒன்று வரும். தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பி வருவார். ஒரு நாள் ஓடிவந்து வாசலிலேயே நின்று, "அக்கா, வந்துருச்சு" என்றார். பிள்ளை பிறந்த செய்தியோ என்று தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

என் பாடு வேறு. தூதருக்குப் பூச்செண்டு கொடுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லி வரவேற்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 'யுவர் எக்ஸலன்ஸி' என்று அது தொடங்கும். என் நாக்குக்கு அது எச்சலன்ஸி என்றுதான் வந்தது. ஒரு நாட்டின் தூதரை எச்சில் என்று கூப்பிடப்போகிறாளே என்று அப்பா காலையிலும் மாலையிலும் என்னை நிறுத்திவைத்துப் பழக்கினார். நான் கவலைப்பட்டது அதற்காக அல்ல. எனக்கு வெடி என்றால் பயம்.

இதை வெளியில் சொல்ல முடியாது. கடற்கரையில் பிறந்து அலையைக் கண்டு ஓடுகிறவளை யாராவது மதிப்பார்களா? தெருவில் யாராவது ஒரு ஓலைவெடியைக் கொளுத்தினாலும் நான் கட்டிலுக்கடியில் தலையணையோடு கிடப்பேன். அம்மாவுக்கு மட்டும் அது தெரியும். பூச்செண்டு கொடுத்ததும் வாணம் தொடங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்காவோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

தூதர் வருகிற அன்று காலையில், மாமா எங்கள் வீட்டில் இருந்தபோது, ஒரு ஜீப் வந்தது. தாசில்தார் இறங்கினார். தூதர் சாயந்தரமே மதுரைக்குப் போயாக வேண்டுமாம், அதனால் நிகழ்ச்சிகள் எல்லாம் மத்தியானத்துக்கு மாற்றப்பட்டன என்றார். மாமாவுக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்ததும் நிதானமாகக் கேட்டார்.

"பங்குனி வெயில்ல, உச்சி நேரத்துல, வாணம் விடணும்ங்கறீக."

"கலெக்டர் உத்தரவுய்யா."

"அப்ப வானத்தைக் கொஞ்சம் இருட்டச் சொல்லியும் ஒரு உத்தரவு போடச் சொல்லுங்க சார்" என்றார் மாமா. தாசில்தார் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, முன்னால் நீள மேஜை வைத்து, தரை வரைக்கும் தொங்குகிற வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வெடி இருக்கிற இடம் என்பதால் அம்மாவை மருந்துப் பெட்டியோடு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். தூதர் காரிலிருந்து இறங்கினார். சிறகு இல்லை. ஆள் நல்ல உயரம். வெயிலில் சிவந்து, வேர்வையில் நனைந்து, காலையில் குளிப்பாட்டி விட்ட குழந்தை மாதிரி இருந்தார். வாயில் ஒரு புகைக்குழாய் இருந்தது. அதில் புகை இல்லை. முன்னதாக வெடிக் கம்பெனியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது வாசலிலேயே அவருடைய நெருப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை, கேட்க அவருக்கும் கூச்சம். நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற ஊரில் அந்த மனிதர் ஒரு குச்சிக்கு வழியில்லாமல் வெறும் குழாயைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் பூச்செண்டை நீட்டி எச்சலன்ஸி என்றேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூதர் என் உயரத்துக்குக் குனிந்து நன்றி சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான் இடறியது. அவருக்கும் அது பள்ளியில் படித்த பாஷைதான். அதனாலேயே அப்பாவுக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. இரண்டு பேரும் இலக்கணப் பிழை இல்லாமல், மெதுவாக, முற்றுப்புள்ளி வைத்து வைத்துப் பேசினார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் வரவேற்றுப் பேசினார். தூதரின் நாட்டில் மாதக்கணக்கில் பனி கொட்டுவதாகக் கேள்விப்பட்டோம், இங்கே குடிக்கவே தண்ணீர் இல்லை, இரண்டு நாடுகளுக்கும் நல்லெண்ணம் இருப்பதால் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று நெடுநேரம் உருக்கமாகக் கேட்டார். தாசில்தார் அப்பாவைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்பா, "தலைவர் உங்கள் நாட்டின் பருவநிலையைப் பாராட்டுகிறார்" என்று மொழிபெயர்த்தார். தூதர் மகிழ்ச்சியோடு தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருஷத்துக்குள் குழாய் வந்துவிடும் என்று தலைவர் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

பிறகு வாணம். என்னைக் கூட்டிப்போக அக்கா இன்னும் வரவில்லை, காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். கைகாட்டிவிட்டு மாமாவே பற்றவைத்தார். மூன்றும் சீறிக்கொண்டு மேலே போயின. மேலே டப், டப், டப் என்றது. அவ்வளவுதான். வெள்ளை வெளேரென்ற வானத்தில் மூன்று சின்னப் புகைத் துண்டுகள் பருத்திக்காய் வெடித்த மாதிரி நின்றன. கூட்டம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. மாமா மைதானத்தின் நடுவில் நின்று கையை உயர்த்தி, "அந்தா, கடைசியில இருக்குது பாருங்க, அதுதான் நீலம்" என்று எல்லாருக்கும் சொன்னார். தூதர் மரியாதையாகக் கை தட்டினார். அவர் பார்த்தது வேறு திக்கில். அங்கே ஒரு பருந்து போய்க்கொண்டிருந்தது.

முதலாளிக்கு அழுகை வராத குறை. வெளிநாட்டு ஆர்டர் வரும் என்று நம்பியிருந்தவர். மாமாவைக் கூப்பிட்டு, "கலருதான் கண்ணுல விழலை. சத்தமாவது காதுல விழட்டும். சரத்தைக் கொளுத்துய்யா" என்றார்.

தீபாவளிக்கு முன்மாதிரி காட்டுவதற்காகச் செய்த சரவெடி அது. கொடிக்கம்பத்திலிருந்து மைதானத்தைச் சுற்றிப் பந்தல் வரைக்கும் நீண்டு கிடந்தது. இடையிடையே பெரிய குண்டுகள் வேறு. எனக்கு வாக்குக் கொடுத்த அம்மா அந்தக் கோடியில் இருந்தாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டத்தில் காணவில்லை. மாமா குனிவதைப் பார்த்தேன். அடுத்த நொடி மேஜைத் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

உள்ளே ஏற்கெனவே தூதர் இருந்தார்.

எப்போது வந்தார் என்று தெரியாது. மேஜைக்கடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை எப்படி அங்கே மடக்கி வைத்தாரோ. முகத்தில் சிவப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து, இரண்டு கையாலும் என் காதுகளை இறுகப் பொத்தினார். வெளியே மைதானம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. என் காதைப் பொத்திவிட்டதால் அவர் காது திறந்து கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. நான் எட்டி அவர் காதுகளைப் பொத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாஷையில் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

துணியைத் தூக்கிப் பார்த்தது அம்மாதான். பார்த்ததும் துணியைக் கீழே விடாமல் திரும்பி, "நிப்பாட்டச் சொல்லு அவனை" என்று கத்தினாள்.

"பத்துன சரத்தை எப்படிக்கா நிப்பாட்டுறது" என்று மாமா தூரத்திலிருந்து பதிலுக்குக் கத்தினார்.

அம்மா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தூதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர்களிடம் பேசுகிற குரலில், "ஒண்ணுமில்ல சார், முடிஞ்சிரும், இந்தா முடியப்போகுது" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். அதற்குள் தூக்கிய துணி வழியாகக் கூட்டம் முழுவதும் பார்த்துவிட்டது. ஒரு நாட்டின் தூதரும் வாத்தியார் மகளும் ஒருவர் காதை ஒருவர் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் உட்கார்ந்திருந்த காட்சி ஊருக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை. சரவெடி ஓய்ந்த பிறகும் சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று.

தூதர் வெளியே வந்தார். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். அவரும் சிரித்தார். அம்மா நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் பேசினார். கடைசியில் அவர் சொன்னதை அப்பா கொஞ்சம் நின்று, மெதுவாக மொழிபெயர்த்தார்: "சந்தோஷத்துக்காகவும் இப்படிச் சத்தம் எழுப்புவார்கள் என்று இன்றைக்குத்தான் கண்டேன்."

கை தட்டல் பந்தலைத் தூக்கியது. மாமாவுக்கு நீலம் போன துக்கம் பாதி குறைந்துவிட்டது. முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வெள்ளைக்காரத் தூதரையே மேஜைக்கடியில் உட்கார வைத்த சரவெடி என்று அந்தத் தீபாவளிக்கு அது எங்கெங்கோ போய் விற்றதாகக் கேள்வி.

வீட்டுக்கு நடக்கும்போது நான் நடுவில். அம்மா மருந்துப் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கு என்ன வயசு இருக்கும்ங்க?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும்" என்றார் அப்பா.

"அப்ப ஜெர்மன் சண்டை நடக்கையில எளந்தாரிதான்."

அப்பா ம் என்றார். ஜெர்மன் என்றால் அன்று எனக்குத் தெரிந்தது ஜெர்மன் சில்வர் பாத்திரம்தான். பாத்திரத்துக்காக எங்கேயோ நடந்த சண்டைக்கும் தூதருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

நானாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த நாட்டில் வெடியே கிடையாது போலிருக்கிறது. பிறந்தது முதல் இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. அதனால்தான் என்னைவிட அதிகமாகப் பயந்துவிட்டார். எனக்கு அவர்மேல் அளவில்லாத இரக்கம் வந்தது. என்னைப்போல ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று விளக்கேற்றியதும் வீட்டு ஜெபத்தில் மனமுருகி வேண்டிக்கொண்டேன். ஆண்டவரே, தூதரின் நாட்டையும் கண்ணோக்கும். எங்கள் ஊருக்குக் கொடுத்ததைப்போல அவர்கள் ஊருக்கும் நிறைய வெடிகளைக் கொடும். அங்கேயும் நாள் தவறாமல் வெடிக்கட்டும். சின்ன வயதிலேயே அவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போகட்டும்.

மாமா சத்தமாக ஆமென் என்றார். அம்மா சொல்லவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் தலை குனிந்தபடி இருந்தாள். பாவம், வெயிலில் அலைந்த அசதி, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள் போலிருக்கிறது என்று, அவளுக்கும் சேர்த்து நானே இன்னொரு ஆமென் சொன்னேன்.