ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடு

காலை ஆறரை மணிக்குக் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். சென்னையில் டிஜிட்டல் வரைபடப் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. டிரோன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்தால் மேடு பள்ளத்தோடு ஒரு மலையே திரையில் எழுந்து நிற்கும். கரியாலூரை அடுத்த ஒரு சிற்றூரை அப்படி எழுப்பியிருந்தோம். அதில் வீடா, மரமா, பாறையா என்று புரியாத பதினான்கு இடங்களை நேரில் பார்த்துக் குறித்துவருவது என் வேலை.

ஜீப் ஓட்டுநர் செல்வம் இரண்டாயிரம் ரூபாய் வாடகை பேசினார். கச்சிராயபாளையம் போகும் வழியில் ஏழே காலுக்கு வண்டி நின்றது. இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"கோச்சிக்காதீங்கம்மா. எங்க பசங்களுக்குக் காலேஜில சீட்டு கெடைக்கலன்னா நாங்க இன்னா பண்றது?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழி விடும்போது மணி பதினொன்று.

மலையேறி ஊரை அடைய மதியம் ஒரு மணியாயிற்று. நாலு மணிக்குள் பதினொரு இடங்கள் முடிந்தன. மீதி மூன்றும் ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருந்தன. மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"மழ புடிச்சா வளைவுல எறங்கறது கஷ்டம் மேடம். கெளம்பலாம்" என்றார் செல்வம்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முறத்தை வைத்துவிட்டு வந்தார். பெயர் சின்னப்பொண்ணு. நாற்பது வயதிருக்கும்.

"என் வூடு அந்தாண்ட இருக்குதுங்க. அதையும் பாத்துட்டுப் போங்க."

நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். பச்சையைத் தவிர எதுவும் தெரியவில்லை. "பாத்துட்டேங்க" என்றேன். மூன்று இடங்களுக்கும் 'மரம்' என்று எழுதினேன். நாங்கள் இறங்கும்போது மேகம் கலைந்துவிட்டது. மழை பெய்யவே இல்லை.

சென்னையில் அடுத்த பாடம், மரங்களை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் காட்டுவது. பொத்தானை அழுத்தினேன், 'மரம்' என்று எழுதிய மூன்றும் மறைந்து ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவு வழுவழுவென்று வந்தது. ஆசிரியர் என்னுடையதைத்தான் வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். பெருமையாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். அந்த வரைபடம் குடிநீர்த் திட்டத்துக்குப் போயிற்று.

ஆறு மாதம் கழித்து வேறொரு அளவெடுப்புக்காக அதே ஊருக்குப் போனேன். புதுக் குழாய் ஓடையின் இந்தக் கரையிலேயே முடிந்திருந்தது. குழாயடியில் சின்னப்பொண்ணு குடத்தோடு நின்றார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"படத்துல என் வூடே இல்லன்னுட்டாங்க. அந்தம்மா பாத்துட்டுத்தான் போனாங்கன்னு நானும் சொல்லிக்கினே கெடக்கறேன்."

"நான் வந்து பாக்கலைங்க. இங்கேருந்தே மரம்னு எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இப்பவாவது வாங்க" என்று முன்னால் நடந்தார். கூரை தெரியாமல் பூசணிக்கொடி படர்ந்த வீடு. வாசலில் நின்று இடத்தைக் குறித்துக்கொண்டு படமெடுத்தேன்.

திருத்தம் எழுதி அனுப்பினேன். அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. இன்றுவரை அங்கே குழாய் போகவில்லை.

சென்னையில் என் தெருவின் படத்தைத் திறந்தால் இஸ்திரி வண்டி நிற்கும் இடம்கூட அதில் இருக்கிறது. மறியலால் தாமதம், மழை வரும்போல இருந்தது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஓடையைத் தாண்டி அவர் வாசலை அடைய ஏழு நிமிடம்தான் ஆனது.