வெளுத்த பவளமும் ஒரு பொத்தானும்

சட்டைப் பையிலிருந்த பவளத் துண்டு விலாவைக் குத்திக்கொண்டே வந்தது. வேலை செய்த மாடியறையைக் காலி செய்துவிட்டு நாங்கள் தேக்கா பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். முன்னால் என் அக்கா மகள், கணினித் திரையைப் போர்வையில் சுற்றி, சந்தைக்குக் கொண்டுபோகும் சிறிய தள்ளுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் நான். ஒரு கையில் மின்கம்பிகள் திணித்த பை, மறு கையில் மேசை விசிறி. பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்திருந்த நடைபாதையில் வண்டிச் சக்கரம் வழுக்கியது. அவள் நின்று திரும்பிப் பார்த்து, "ஃபேன் எதுக்கு மாமா? வீட்டுல வைக்க இடமே இல்ல," என்றாள். அறையில் இருந்தவற்றில் நான் வாங்கிப் போட்டது அது ஒன்றுதான். விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

நான் உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கப்பல் பட்டறையில் கப்பல்களின் அடிப்பக்கம் சுரண்டினேன், லாரியில் போனேன், பாத்தாம் தீவில் மீன் கூண்டு காத்தேன், தோ பாயோவில் ஓர் அலங்கார மீன் கடையில் தொட்டி கழுவினேன். எந்த இடத்திலும் நிலைக்கவில்லை. வேலை இல்லாத மாதங்களில் ஈசூனில் அக்கா வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கொள்வேன். அப்படிப் படுத்திருந்த ஒரு நாளில்தான் அக்கா மகள் தன்னோடு வேலைக்கு வரச் சொன்னாள். கை நிறையச் சம்பளம் தந்த இடத்தை விட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்திருந்தாள். பெரிய கடைத்தொகுதி ஒன்று தன் கூடத்தின் சுவர் முழுக்கக் கடலடியைக் காட்ட விரும்பியது. அதைக் கணினியில் செய்து தரும் பொறுப்பு அவளுடையது. சாமான் தூக்க, சாப்பாடு வாங்கிவர, இயந்திரம் சூடானால் விசிறியைத் திருப்பி வைக்க ஆள் தேவைப்பட்டது. மீன் கடையை மூடியபோது நான் எடுத்து வைத்திருந்த பவளத் துண்டை அவள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கைப்பிடி அளவு, எலும்பு மாதிரி வெள்ளை, நிறையக் கிளைகள்.

அதைப் பார்த்து அவள் வரைவாள் என்று நினைத்தேன். அவள் வரைவதே இல்லை. "நான் பவளம் செய்யல மாமா. அத வளரச் சொல்றேன்," என்றாள். கிளையின் நுனி வெளிச்சம் இருக்கும் பக்கம் போக வேண்டும், கொஞ்சம் வளர்ந்ததும் பிரிய வேண்டும், பக்கத்துக் கிளையை நெருங்கினால் நிற்க வேண்டும். இப்படிச் சில விதிகளை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரையில் ஒரு புள்ளி கிளைவிட்டுப் புதராகும். ஒவ்வொரு முறையும் வேறு புதர், ஆனால் பார்த்தால் ஒரே குடும்பம் என்று தெரியும். நிற்கச் சொல்லும் விதியை ஒருநாள் எழுத மறந்துவிட்டாள். திரை முழுக்கப் பீஹூன், அரிசிச் சேமியா, கொட்டியது போல ஆனது. மீன்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனை மட்டும் பார்த்து நீந்தும், கூட்டம் தானாக உருவாகும். ஏதோ ஓர் எண் தவறியபோது எல்லா மீனும் ஒரே மூலையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. காலை நேர ஈசூன் ரயில் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அவ்வளவு சிரித்ததை அந்த அறையில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திரையில் வளர்ந்தது ஏதோ ஒரு கடல் இல்லை. படிக்கிற காலத்தில் நண்பர்களோடு தெற்குத் தீவுகள் பக்கம் முக்குளிக்கப் போவாள். அங்கே ஒரு பாறைத் திட்டு. முதல் தடவை பார்த்தபோது பழுப்பும் பச்சையுமாக உயிரோடு இருந்தது. அடுத்த தடவை வெளுத்திருந்தது. அதற்கடுத்த தடவை அதன்மேல் சாம்பல் நிறத்தில் பாசி படிந்திருந்தது. நம் கடல் கலங்கல், கை நீட்டினால் விரல் தெரியாது. அந்தக் கலங்கலுக்குள் இப்படி ஒன்று இருந்ததும் யாருக்கும் தெரியாது, செத்ததும் தெரியாது என்றாள். சுவரைப் பார்க்க வருகிறவர்கள் அந்தத் திட்டைப் பார்க்க வேண்டும், அது போனதையும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பழைய வேலையை விட்டாள். யாரும் கேட்காமலேயே சூட்டுக்கும் ஒரு விதி எழுதினாள். பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, நிறமும் உணவும் அதனால்தான். தண்ணீர் சூடேறினால் பவளம் அதை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்ததும் சாவதில்லை. சூடு சீக்கிரம் இறங்கினால் சில பிழைக்கும். இறங்காவிட்டால் செத்துப்போகும், செத்ததைப் பிழைக்க வைக்க விதி கிடையாது.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போனோம். இயந்திரத்தை அணைக்கவில்லை. உள்ளே கடலுக்கு நாள்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன, சூடும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. திரும்பி வந்த அன்று கடைத்தொகுதி மேலாளரும் படியேறி வந்துவிட்டார். தமிழர்தான், தன்மையாகப் பேசுகிறவர். திரையில் திட்டு முழுக்க வெள்ளை. ஒரு மூலையில் சாம்பல் பாசி தொடங்கியிருந்தது. இவள் பதறி விசைப்பலகைப் பக்கம் போனாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "இருக்கட்டும்மா. சூப்பரா இருக்கு, கல்யாண மேடை மாதிரி," என்றார். அது சாகிறது என்று இவள் விளக்கினாள். அவர் கவனமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, முன்னால் ஒரு பொத்தான் வைக்கலாம், பிள்ளைகள் அழுத்தினால் எல்லா நிறமும் திரும்ப வர வேண்டும், அதுதான் காட்சி என்றார்.

"வராது சார்."

"வர வைங்க லா. கம்ப்யூட்டர்தான?"

"கொஞ்சம் வரும். எல்லாம் வராது. செத்தது வராது சார்."

தன் மகள் வீட்டுத் தொட்டியில் ஒரு மீன் செத்ததற்கே சாப்பிடாமல் கிடந்தாள் என்றார் அவர். காசு கொடுத்து வருகிற பிள்ளைகளை அழவைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. இவள் சொன்னதிலும் தெரியவில்லை. அதன்பின் பல கூட்டங்கள் நடந்தன. பாதித் திட்டாவது செத்ததாக இருக்கட்டும் என்று இவள் இறங்கி வந்தாள். பிறகு ஒரு மூலை போதும் என்றாள். அதற்கும் இடமில்லை. ஒப்பந்தப்படி செய்ததெல்லாம் அவர்களுடையது. வேறோர் ஆளை வைத்துப் பொத்தானைச் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. பவளம் வெளுப்பதைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினான், அவ்வளவுதான். கலங்கலையும் எடுத்துவிட்டு நீலத் தண்ணீர் வைத்தான்.

இப்போது அவள் புதுவீடுகளுக்குச் சமையலறை அலமாரிகளைத் திரையில் செய்து காட்டும் நிறுவனத்தில் இருக்கிறாள். நல்ல சம்பளம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து அக்கா சமைக்கும்போது நானும் சில நாள் போவேன். ஒருமுறை வேலை எப்படி என்று கேட்டேன். "ஈஸி மாமா. கதவு தொறக்கும், மூடும். மூடினா மறுபடி தொறக்கும்," என்றாள். முக்குளிக்கப் போவதில்லை. அந்தக் கண்ணாடியும் காற்றுக் குழாயும் விற்றாகிவிட்டது. பவளத் துண்டு என்னிடம் இருக்கிறது. இப்போது நான் குடியிருக்கும் அறையின் சன்னலில், அந்த விசிறிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அறையைக் காலி செய்த அன்று அவள் அதைக் குப்பைப் பையில் போட்டாள், நான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டுக் குப்பைப் பையின் வாயை முடிச்சிட்டாள்.

அன்று தேக்கா நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றபோதுதான் அவளிடம் சொன்னேன். மேலாளர் அன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த ஓர் ஆள் வேண்டும், அங்கிளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார். மறுநாளே வர வேண்டும். என் கையில் வேறு வேலை இல்லை. அவள் குனிந்து, தளர்ந்திருந்த வண்டிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். நெடுநேரம் கட்டினாள்.

"போங்க மாமா. வேலதான."

பேருந்து வந்தது. திரையைத் தூக்கி உள்ளே வைத்தோம். உட்கார்ந்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பட்டன் உங்க பக்கத்துலதான இருக்கும். ஒடனே அழுத்த விடாதீங்க. கொஞ்ச நேரம் வெள்ளையா இருக்கட்டும். பாக்கட்டும்."

சரி என்றேன்.

மறுநாள் காலை மீன் படம் போட்ட சட்டை கொடுத்தார்கள். அதில் பை இல்லை. பவளத் துண்டைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவில் சிவப்புப் பொத்தான், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதலில் வந்தது ஒரு பாலர் பள்ளிக் கூட்டம். கூடம் இருண்டது. அவளுடைய பவளங்கள் சுவர் முழுக்க நின்றன. கிளை பிரியும் விதத்தை வைத்தே அவை அவளுடையவை என்று தெரிந்தது. பிறகு நுனிகளில் தொடங்கி வெளுத்துக்கொண்டே வந்தன. பிள்ளைகள் பொத்தானுக்கு ஓடிவந்தார்கள். நான் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டேன். சின்னச் சின்ன விரல்கள் என் கையை நெம்பின. நான் எடுக்கவில்லை. சுவர் முழுக்க வெள்ளையானது. நெம்பிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் அடங்கியது.

அப்போது கீழ்மூலையில் ஒரு கிளையில் இளஞ்சிவப்பு ஏறியது. அடுத்த கிளையில் மஞ்சள். என் கை பொத்தான்மேல் வைத்தபடியே இருந்தது. நான் அழுத்தவில்லை, யாரும் அழுத்தவில்லை. சுவர் முழுக்க நிறம் வந்தது, பாட்டு வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். குனிந்து பார்த்தேன். பொத்தானுக்கு அடியில் மின்கம்பியே இல்லை.

விளக்கு வந்தது. வெளியே அடுத்த வரிசை நின்றது. நான் போய்க் கதவைத் திறந்தேன்.