அர்ச்சுனன் ஈப்போ பார்த்த நாள்

அர்ச்சுனன் பிறந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஈப்போவுக்கு அவர் வந்ததெல்லாம் சின்ன வயதில், தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கு லாரியில் ஏறி வந்ததுதான். அதற்குப் பிறகு தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. அங்கிருந்து ஈப்போ அரை மணி நேரம்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்கு இருபத்தெட்டு வருஷம் ஆனது.

இருபத்தேழு வயதில் அவருக்கு நோய் வந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பார். தூக்கம் போயிற்று. ஒரு விடியற்காலை வாளியையும் பால் வெட்டும் கத்தியையும் போட்டுவிட்டு ஓடியவரை, தோட்டத்து ஆட்கள் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சில வருஷங்களிலேயே மாத்திரையில் எல்லாம் அடங்கிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் வீடு இருந்த இடத்தில் இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டு, குடும்பம் வேறெங்கோ போயிருந்தது. போன இடத்தை மருத்துவமனைக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அம்மா மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி பஸ் ஏறி வருவார். "தம்பி வீட்ல எடம் பத்தாதுய்யா" என்று அழுதுவிட்டுப் போவார். அந்த அம்மா சாகக் கிடந்தபோது தம்பி சுகுமாரனிடம் கேட்டது ஒன்றுதான்: "அவனைக் கூட்டியாந்துடு." சுகுமாரனும் போய்க் கூட்டிவந்தார்.

ஈப்போவை ஒட்டிய லகாட்டில், தம்பியின் வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து அறை அர்ச்சுனனுக்கு. அவருக்கு அதில் குறையில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பல வருஷம் வேலை செய்தவர். வீட்டில் எல்லாருடைய துணிக்கும் அவர்தான் இஸ்திரி போட்டார். முக்கியமாகத் தம்பி மகள் தினேஸ்வரியின் துணிக்கு. அவள் ஈப்போவில் பேங்கில் வேலை பார்த்தாள். காலையில் அவளுடைய காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, கார் முனை திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பார். சம்பள நாளில் அவருக்கென்று பலகாரம் வாங்கி வருவாள். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

"பெரியப்பா இல்லைன்னா நான் கசங்குன சட்டையோடதான் வேலைக்குப் போவணும்லா" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு அன்றைய நாள் ஓடிவிடும்.

கிள்ளானிலிருந்து அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று அர்ச்சுனனிடம் சொல்லியிருந்தார்கள். அவர்தான் திரைச்சீலையெல்லாம் துவைத்து மாட்டினார். அன்றைக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.

அதற்கு முந்திய ஞாயிறு காலையில் சுகுமாரன் அறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க ஈப்போவச் சுத்திப் பாத்ததே இல்லையே. தினேஸ்தான் சொன்னா. காடி பேசி வச்சிருக்கு. நல்லாச் சாப்புட்டு, எல்லாத்தையும் பாத்துட்டு, சாயந்திரமா வாங்க."

"நீங்கல்லாம் வரலையா?"

"எங்களுக்கு வேலை கெடக்குண்ணே."

தினேஸ்வரி தலைக்குக் குளித்திருந்தாள். கேட்டு வரைக்கும் வந்து அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டாள். "படம் எடுத்து அனுப்புங்க பெரியப்பா" என்றாள்.

காரோட்டி ஜெயபாலன் வெளியூர்க்காரர்களை ஏற்றி ஈப்போவைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர். பழக்கத்தில் கேட்டார்: "எங்கேருந்து வந்திருக்கீங்கண்ணே?"

"லகாட்."

"அங்கதானே ஏத்துனேன். உங்க ஊரு எது?"

"அதான் ஊரு."

ஜெயபாலன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் ரயில் நிலையம். அந்த வெள்ளைக் கட்டடத்தின் முன்னால் நின்று, இதற்குள் ரயில் வருமா என்று அர்ச்சுனன் கேட்டார். பிறகு பழைய டவுனில் வெள்ளைக் காப்பியும் ரொட்டியும். மேசை கிடைக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. காப்பிக்கா இத்தனை கூட்டம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சுவர் ஓவியங்கள் இருந்த சந்துகளில் சிங்கப்பூர்ப் பெண்கள் ஒரு படத்துக்குப் பக்கத்தில் மாறி மாறி நின்றார்கள். அவரையும் நிற்கவைத்து ஜெயபாலன் படம் எடுத்தார். மதியம் தவ்கே கோழிச் சோறு. தவ்கே என்ற அந்த முளைப்பயறு கொழுகொழுவென்று இருந்தது. "எங்க வார்டுல வருஷக் கணக்கா இது வாரத்துல ரெண்டு நாளு. இப்படி இருக்காது" என்றார் அர்ச்சுனன். எந்த வார்டு என்று ஜெயபாலனுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் தட்டிலிருந்து இரண்டு துண்டு கோழியை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

ஒவ்வொரு படத்தையும் தினேஸ்வரிக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் உடனே ஒரு சிவப்பு இதயம் வந்தது. குகைக் கோயிலில் ஆமைகளுக்குக் கீரை போட்டபோது எடுத்த படத்துக்கு மட்டும் பதிலில்லை. புந்தோங்கில் அவளுக்குப் பிடித்த கச்சான் பூத்தே, மசாலாக் கடலை, ஒரு பொட்டலம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பின்மதியத்தில் அவருக்குக் களைத்துவிட்டது. மத்தியான மாத்திரையும் வீட்டில்தான் இருந்தது. "போதும் தம்பி, வீட்டுக்குப் போலாம்" என்றார். ஜெயபாலன் லகாட் வீட்டுக்குப் போன் போட்டார். கைப்பேசி காரின் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்தது. எடுத்தவள் தினேஸ்வரி. பின்னால் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, இப்பக் கொண்டாந்துடாதீங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க இன்னும் கெளம்பலை. இப்பதான் மோதிரம் மாத்துனோம்."

"இல்லம்மா, அவரு—"

"கெல்லி காசலுக்குக் கொண்டு போங்க. இல்லன்னா எங்கயாச்சும் உக்கார வையுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. எதக் காட்டுனாலும் பாத்துக்கிட்டு இருப்பாரு."

ஜெயபாலன் அவசரமாக அணைத்தார்.

"எனக்குச் சத்தியமாத் தெரியாதுண்ணே" என்றார்.

"ஒங்க மேல என்ன தம்பி." கடலைப் பொட்டலத்தின் வாயை மடித்துவிட்டு அர்ச்சுனன் சொன்னார்: "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போலாம்."

மருத்துவமனை வாசலில் காவலர் மரியாதையாகத்தான் பேசினார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ராஜுவின் பெயரைச் சொன்னார் அர்ச்சுனன். உள்ளே போன் போட்டு விசாரித்த காவலர், ராஜுவைப் போன வருஷமே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள், எந்த ஊர் என்று தெரியவில்லை என்றார். வேறு யாரையாவது பார்க்க வேண்டுமா? அர்ச்சுனன் யோசித்தார். யாரும் இல்லை. வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காரில் வந்து ஏறினார்.

வீட்டில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி மங்களம் அவரைப் பார்த்ததும் கேசரி எடுத்துவர உள்ளே போனாள்.

"எல்லாம் பாத்தீங்களாண்ணே? நல்லாருந்துச்சா?" என்றார் சுகுமாரன்.

"நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுதா?"

சுகுமாரன் ஒரு நாற்காலியை மடக்கினார். தினேஸ்வரிதான் பேசினாள். பட்டுச்சேலையை இன்னும் மாற்றவில்லை. "அவங்க கேப்பாங்க பெரியப்பா. குடும்பத்துல யாருக்கு, எப்படி, ரத்தத்துல வருமான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல முடியும்?" அழுதாள். அழுகையில் வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

"என்கிட்டயே சொல்லிருக்கலாம்லாம்மா. ரூமுக்குள்ளயே இருந்திருப்பேன்."

மங்களம் கேசரித் தட்டை நீட்டினாள். கேசரியைச் சாப்பிட்டார். அவர் மங்களத்தின் கையில் கொடுத்த கடலைப் பொட்டலத்தை அன்றிரவு எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டே தின்று தீர்த்தார்கள்.

மறுநாளும் தினேஸ்வரியின் சட்டைக்கு இஸ்திரி போட்டார். கேட்டைத் திறந்துவிட்டார். கார் முனை திரும்பும்வரை நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சுகுமாரன் மறுபடியும் அறை வாசலில் வந்து நின்றார். "அண்ணே, நீங்க பினாங்கு பாத்ததில்லையே?"

அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகுமாரனும் கூடச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அன்றைக்கே அர்ச்சுனன் ஜெயபாலனைக் கூப்பிட்டு, எங்காவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். ஜெயபாலனின் அக்கா நவமணி காம்பாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். "மாத்திரை ஒழுங்காப் போடுவீங்களா? தட்டு கழுவுவீங்களா? அப்புறம் என்ன" என்றார் அவர். கடைக்கு மேலே ஓர் அறை. மாத்திரை அங்கேயே அரசாங்கக் கிளினிக்கில். வீட்டை விட்டுக் கிளம்பியபோது யாரும் தடுக்கவில்லை. மங்களம் மட்டும் இரண்டு துண்டுகள் மடித்துக் கொடுத்தாள்.

கல்யாண நாள் விடுமுறை வாரத்தில் வந்தது. காம்பாருக்குச் சாப்பிடவும் சுற்றிப் பார்க்கவும் வந்த கூட்டம் கடை வாசல்வரை நின்றது. காலையிலிருந்து மாலைவரை அர்ச்சுனன் தலை நிமிராமல் தட்டு கழுவினார். நவமணி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுவாரம் சுகுமாரன் அழைத்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுண்ணே. தினேஸ் கிள்ளானுக்குப் போய்ட்டா. நீங்க இப்ப வீட்டுக்கு வரலாம்லா?"

"இல்ல தம்பி, இங்கயே இருந்துக்கிறேன்."

"சரிண்ணே" என்றார் சுகுமாரன். கொஞ்சம்கூடத் தாமதிக்காமல் வந்தது அந்தச் சரி. அப்புறம் அங்கே மழையா என்று கேட்டார். மழைதான் என்றார் அர்ச்சுனன்.