ஒற்றைக்கண் சிறுத்தை

உப்பலில் என் வீட்டில் தச்சர் பிளைவுட் அறுக்கிறார். கருகிய மரவாசனையில் நாங்கள் வளர்ந்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் திரும்பி வருகிறது. அங்கேதான் அப்பா சின்ன ரம்ப மிஷினில் ஒரு பலகையிலிருந்து சிறுத்தையின் முகத்தை அறுத்தெடுத்தார். ஒவ்வொரு மீசை முடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒரு கண்மணி நூலளவு மரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அறுத்துத் தள்ள மறந்த துண்டு என்று நினைத்து விரலால் தள்ளினேன், விழுந்துவிட்டது.

"யாரு கை வச்சது?"

"தம்பிதாம்ப்பா," என்றேன். அவனுக்கு அப்போது மூன்று வயது. அதன்பின் மிஷின் ஓடினால், "நக்கோடா, வேணாம், உள்ளே வராதே," என்று அவனை வெளியே நிறுத்தினார் அப்பா. நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று அந்தச் சிறுத்தை என் வீட்டுச் சுவரில். அதன் கண் ஓட்டையைத் தம்பி தடவுகிறான்.

"யாரு மாமா உடைச்சாங்க?" என் மகள் கேட்கிறாள்.

"நான்தான்டா," என்று சிரிக்கிறான். "நல்லா ஞாபகம் இருக்கு."