குலுக்கிப் போட்ட எழுத்துகள்

மரக்காணத்தில் என் மனைவியும் இன்னும் பதினொரு பெண்களும் சேர்ந்து ஓர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். ஆளுக்கொரு பாத்தி. சாலையை ஒட்டிய முதல் பாத்தி கிடைத்தவளுக்கு யோகம், லாரி பக்கத்திலேயே நிற்கும். கழுவெளி ஏரிப் பக்கம் கிடக்கும் கடைசிப் பாத்திக்காரி உப்பைத் தலையில் சுமந்து வரப்பு வரப்பாக நடக்க வேண்டும். அதனால் வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பார்கள். ஒருமுறை சீட்டின் மடிப்பில் யாரோ அடையாளம் வைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை. "உன் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல, அவரையே போடச் சொல்லு" என்று அடுத்த வருஷம் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து தமிழ் எழுத்துகளை இஷ்டத்துக்கு அள்ளிப் போடும் ஒரு புரோகிராம் எழுதினேன். அகரவரிசையில் முந்துகிறவருக்கு முதல் பாத்தி. முந்தின நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது என் மனைவிக்கு ‘அஙழடப’ என்று வந்து, அவள் பெயர் முதலில் நின்றது.

"என்னங்க இது, பல்லு போனவன் திட்டுற மாதிரி இருக்குது" என்று சிரித்தாள்.

மறுநாள் உப்பளத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்தது ‘அஙழடப’. உடனே எனக்குப் புரிந்துவிட்டது. சோதனைக்காக, எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே எழுத்துகள் வரும்படி ஒரு வரி எழுதி வைப்போம். சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். நான் மறந்துவிட்டேன். நேற்றைய பட்டியல்தான் அப்படியே வந்திருந்தது. இது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

"தப்பாயிடுச்சுங்க, மறுபடியும் போடுறேன்" என்று எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னேன். அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். அவளுக்குக் கடைசிப் பாத்தி.

வீட்டில் சோறு போடும்போது கேட்டாள். "சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.

"பட்டியல் வந்தப்போ நான் சும்மாதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

அந்த சீசன் முழுக்க, வேலைக்குப் போகும் முன் நானும் அவளோடு கூடை தூக்கினேன். அவள் முன்னால், நான் பின்னால். கல்யாணமாகி ஏழு வருஷம் பேசாததையெல்லாம் அந்த வரப்பில் பேசினோம். கலைந்துபோன எங்கள் முதல் குழந்தையைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொல்லி அழுதது அங்கேதான். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

இப்போது சென்னையில் இருக்கிறோம். ஒரு கம்பெனிக்காகத் தினமும் இதே மாதிரி எழுத்துகளை ஆயிரக்கணக்கில், கடவுச்சொற்களாக உருவாக்குகிறேன். சமையலறை என் மேசையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனாலும் "தண்ணி வந்துடுச்சா", "சாப்பிட வாங்க" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வரப்புக்காக மனசு ஏங்குகிறது. போன வாரம் அவளிடம் அதைச் சொல்லியும்விட்டேன்.

காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தலையில பாரம் இருந்தா திரும்பி உங்க மூஞ்சியப் பாக்க முடியாதுங்க. அதனாலதான் சொல்ல முடிஞ்சுது."