பீஸ் லில்லியும் முசிறிக் கத்தரியும்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் வழுக்கி விழுந்து எனக்கு வலது கால் எலும்பு முறிந்தது. தை மாதக் கடைசி. அறுவை சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்து, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு மன்னார்புரத்தில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலில் என்னை யார் பார்த்துக்கொள்வது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே முசிறியிலிருந்து என் நாத்தனார் வந்து நின்றார்.

என் கணவருடைய அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தன் கணவரை இழந்தபின் வாழைத் தோட்டத்தைத் தனியாகவே பார்த்து வருபவர். எங்களுக்குள் சண்டை கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. விசேஷங்களில் பார்த்தால் "நல்லா இருக்கியா?", "நல்லா இருக்கேன் அண்ணி", அத்தோடு சரி. அப்படிப்பட்டவர் டோல்கேட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் ஈரச் சாக்கில் சுற்றிய கத்தரி நாற்றுகளுமாக ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எலும்பு கூடுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். என்னால சும்மா உக்காந்திருக்க முடியாது, அதான் நாத்து கொண்டாந்தேன். மொட்டை மாடி இருக்குல்ல?" என்றார்.

அந்த வாரமே, தென்னூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து சக ஆசிரியைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆப்பிளுக்குப் பதிலாகத் தொட்டியில் ஒரு பீஸ் லில்லி கொண்டுவந்தார்கள். பளபளவென்ற கரும்பச்சை இலைகள், நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ. ஹாலில் என் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி வைத்தார் அண்ணி.

"இது காய்க்குமா?"

"இல்ல அண்ணி, சும்மா பாக்கத்தான்."

"பாக்கறதுக்கா!" என்று சிரித்தார். ஆனாலும் அதை அவர் கவனிக்காமல் விடவில்லை. தினமும் காலையில் மாடிக்குப் போய், அங்கே தொட்டிகளில் நட்டிருந்த கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்து லில்லிக்கு ஊற்றினார். வலி மாத்திரையின் மயக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. சில நாட்களில் செடி தலையைத் தொங்கப் போட்டது. தாகம் என்று நினைத்து அவர் சாயங்காலமும் ஊற்றத் தொடங்கினார். அது இன்னும் தொங்கியது. இலைகள் மஞ்சளாயின.

எனக்கும் ஏறக்குறைய அதே உபசாரம்தான் நடந்துகொண்டிருந்தது. முருங்கைக்கீரை சூப், கேழ்வரகுக் கஞ்சி, மறுபடி சூப். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுவார் என்று குடித்துக்கொண்டே இருந்தேன்.

செடியைக் கொண்டுவந்த தோழிக்குப் போன் செய்தேன். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கச் சொன்னாள். அண்ணி தரையில் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தார். மண் சேறாக இருந்தது. வேர் பாதி கறுத்து நாற்றமடித்தது. அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"நானே கொன்னுட்டேனா? தண்ணி ஊத்தினா செடி சாகுமாம்மா?"

"கொல்லலீங்க அண்ணி. இதுக்கு மேல்மண்ணு காஞ்ச பிறகு ஊத்தினாப் போதுமாம். அழுகின வேரை வெட்டிட்டா பிழைச்சுக்குமாம்."

நான் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, அவர் கத்தரிக்கோலால் அழுகியதை வெட்டி, நல்ல வேரைக் கழுவி, தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்து வேறு தொட்டியில் நட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு நானும் அண்ணியும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அன்று மாலை தைரியம் வந்து, "சூப்பையும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா அண்ணி?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார்.

அடுத்து தப்புப் பண்ணுவது என் முறை. மாடியில் உச்சி வெயிலில் கத்தரி இலைகள் துவண்டு கிடக்கும் படத்தை ஒரு நாள் போனில் எடுத்துவந்து காட்டினார். "பாவம், ஒரு தொட்டியையாவது கீழே கொண்டாங்க, எனக்கும் பாக்க ஆசையா இருக்கு" என்றேன். மத்தியானம் வாடுவது சாயங்காலம் நிமிர்ந்துவிடும் என்று அவர் சொன்னார். ஆனாலும் எனக்காகத் தூக்கிவந்தார். லில்லிக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. லில்லி மெல்லக் குருத்துவிட, கத்தரி மட்டும் வெளிறி, ஜன்னலைத் தேடி நெட்டையாக வளைந்து, வந்த இரண்டொரு பூவையும் உதிர்த்தது.

"உன் ஜன்னல் வெளிச்சம் இதுக்குப் பத்தாதும்மா. வெயில் தலையில அடிக்கணும், தினம் தண்ணி வேணும், மாட்டெரு வேணும். லில்லிக்கு ஆகறது இதுக்கு ஆகாது" என்று மறுபடி மாடிக்கே தூக்கிப்போனார்.

பங்குனியில் டாக்டர் நடக்கச் சொன்னார். வீட்டுக்குள் வாக்கரோடு நடந்தேன். படிக்கட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. விழுந்த இடம் கண்ணில் படாதபடி வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். அண்ணி வற்புறுத்தவில்லை. ஒரு நாள் மாடியிலிருந்து வெறுங்கையோடு வந்து, "காய் பிடிச்சிருக்கு. நான் பறிக்க மாட்டேன், நீதான் வந்து பறிக்கணும். முத்திப் போனா உன் பாடு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் ஏறினேன். ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் அவர் தோளையும் பிடித்துக்கொண்டேன். நடுவில் நின்று அழுதபோது அவரும் நின்றார். மேலே போனதும் ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. வரி வரியாக ஊதா நிறக் காய்கள், காம்பில் முள்ளோடு. முதல் காயைப் பறித்து அவர் கையில் கொடுத்தேன்.

அங்கேயே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். "அங்க வீட்ல பேச ஆள் இல்லம்மா. நீ விழுந்தது உனக்குக் கஷ்டந்தான். எனக்கு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று ராத்திரி எண்ணெய்க் கத்தரிக்காய். கணவர் மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

வாழைத்தார் வெட்டும் நாள் நெருங்கியதும் அண்ணி ஊருக்குக் கிளம்பினார். லில்லி அதற்குள் பக்கக் கன்றுகள் விட்டிருந்தது. அதைப் பிரித்து, பாதியை அவருடைய பையில் வைத்தேன். அடுக்களைக்குப் பக்கத்தில் வெயிலே வராத அறை ஒன்று இருக்கிறது, அங்கே வைப்பேன் என்றார்.

அந்தக் கோடை விடுமுறையில், கம்பு ஊன்றிக்கொண்டு, நான் மட்டும் முசிறி பஸ்ஸில் ஏறினேன். எந்த விசேஷமும் இல்லாமல் அந்த வீட்டுக்கு நான் போனது அதுவே முதல் முறை. பஸ் ஸ்டாண்டிலேயே எனக்காகக் காத்திருந்தார். "மெதுவா இறங்கு" என்று கையை நீட்டினார். இரண்டு நாள் இருக்கலாம் என்று போனவள், பள்ளி திறக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.